இலவசமாய்க் கிடைத்த தொழுகை நேரம்

ரமலான் பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பாகவே கடைத்தெருவில் அந்த அட்டைகள் கிடைக்கத் தொடங்கிவிடும். ஜவுளிக் கடையில் ஒன்று, நகைக் கடையில் ஒன்று, பள்ளிவாசல் வாசலில் யாரோ ஒரு கட்டு வைத்துவிட்டுப் போயிருப்பார். சஹர் முடிவு நேரமும் இஃப்தார் நேரமும் நாள் வாரியாக அச்சிட்ட வழவழப்பான அட்டை. மாதத்தின் பெயரைவிடக் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். அடியில், கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில், எந்த ஊருக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், எத்தனை நிமிடம் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு. சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கும். பெருநாள் வரை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த அட்டைக்கு நாம் காசு கொடுத்ததில்லை. கடைக்காரர் கொடுத்தார். அதற்கு ஈடாக நம் சுவரில் ஒரு மாதத்துக்கு அவருக்கு இடம் கிடைத்தது. நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்த்தபோதெல்லாம் அவர் கடையின் பெயரையும் நாம் பார்த்தோம். இரு தரப்பும் அறிந்து, இரு தரப்பும் ஒப்பிக்கொண்ட கொடுக்கல் வாங்கல் அது. நாம் அட்டையைப் பார்த்தோம். அட்டை நம்மைப் பார்க்கவில்லை. அதை யார் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள், அந்த வீட்டார் எந்தப் பள்ளிவாசலில் தொழுகின்றார்கள் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை.

அந்த அட்டை இப்போது கைப்பேசிக்குள் சென்றுவிட்டது. ஐவேளைத் தொழுகை நேரம், பாங்கொலி, கிப்லா திசை, குர்ஆன், துஆக்கள் எல்லாம் ஒரே செயலியில் வருகின்றன. நம் குடும்பங்களில் நாளொன்றுக்கு ஐந்து முறையாவது திறக்கப்படும் செயலி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு நாம் எவ்வளவு பணம் கொடுத்திருக்கின்றோம் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: ஒன்றுமில்லை. அண்மைக் காலம் வரை எங்கள் வீட்டின் பதிலும் அதுவே. அப்படியானால் அச்சுக்கூலி யார் கொடுத்தது என்ற கேள்வி மட்டும் நமக்கு எழவே இல்லை.

எங்களுக்கு அறிமுகமான ஓர் இளைஞர், சில ஆண்டுகளுக்கு முன் தம் ஊருக்காகத் தொழுகை நேரச் செயலி ஒன்றை உருவாக்கினார். பொறியியல் படித்தவர், பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை, இஷாவுக்குப் பிறகு இந்த வேலை. அவர் ஊரில் ஷாஃபி மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் கலந்து வாழ்கின்றார்கள். ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு ஒரு மடங்கு வரும்போது ஷாஃபிகளுக்கு அஸர் தொடங்குகின்றது. ஹனஃபிகளுக்கு இரு மடங்கு ஆகவேண்டும். வெளிநாட்டுச் செயலிகளில் இதை மாற்றிக்கொள்ளத் தெரியாமல் முதியவர்கள் குழம்புகின்றார்கள் என்பதற்காகவே அவர் இதைச் செய்தார். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில், பெரிய தமிழ் எழுத்தில் காட்டினார். உள்ளூர்ப் பள்ளிவாசல்களின் ஜமாஅத் நேரங்களையும், ஜும்ஆ நேரத்தையும் சேர்த்தார். ஓராண்டு இலவசமாகக் கொடுத்தார். பிறகு, புதிதாய்த் தரவிறக்குவோரிடம் 99 ரூபாய், வாழ்நாளுக்கு ஒரே முறை, என்று கேட்டார்.

அன்று ஃபஜ்ருக்குப் பிறகு தேநீர்க் கடையில் நடந்த பேச்சை நாம் கேட்டோம். "தொழுகை நேரம் பாக்குறதுக்குக் காசா? மார்க்கத்த விக்கிறாங்கப்பா!" என்றார் ஒரு பெரியவர். சொன்னவர் கெட்டவர் அல்லர். பள்ளிவாசலின் மின்விசிறிகளுக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவர். மேசையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரும் தலையசைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகின்றோம்: நாமும் மறுத்துப் பேசவில்லை. தேநீருக்கும் வடைக்கும் அன்று அந்த மேசை கொடுத்த தொகை 200 ரூபாயைத் தாண்டியது.

செயலிக் கடையில் அவருக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் வந்தன. விலையை எடுத்துவிட்டு விளம்பரம் வைத்தார். விளம்பரத்தை அனுப்புவது எங்கோ இருக்கும் ஒரு பெருநிறுவனம். எது வரும் என்பது முழுதாய் அவர் கையில் இல்லை. மஃரிப் நேரம் பார்க்கத் திறந்த ஒரு மூதாட்டியின் திரையில் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. ஊரார் அதற்கும் அவரையே திட்டினார்கள். அந்த நாள்களில்தான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'எங்கள் மென்பொருள் துணுக்கு ஒன்றை உங்கள் செயலிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பயனர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று தருகின்றோம். உங்கள் பயனர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.' வேறுபாடு தெரியாது என்பதைத்தான் அவர்கள் சிறப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் துணுக்கு செய்வது ஒன்றே ஒன்று: கைப்பேசி இருக்கும் இடத்தை அவ்வப்போது குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்துக்கு அனுப்புவது.

அவர் மறுத்துவிட்டார். ஆனால், எல்லாரும் மறுக்கவில்லை என்பது உலகறிந்த செய்தி.

2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்ற அமெரிக்கச் செய்தித் தளம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்தும் 'முஸ்லிம் புரோ' செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்கு அனுப்பியது என்றும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள் என்றும் அது வெளிப்படுத்தியது. 9.8 கோடிக்கும் மேற்பட்ட தரவிறக்கம் என்று அப்போது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட செயலி அது. செய்தி வந்ததும், எக்ஸ்-மோட் உடனான தொடர்பை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் புரோ அறிவித்தது. இராணுவத்துக்குத் தாங்கள் நேரடியாக எதையும் விற்கவில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள். நேரடியாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் ஃபஜ்ர் நேரத்தை அறிய நாம் கொடுத்த அனுமதி, ஒரு கை மாறி, இரு கை மாறி எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதை அந்தச் செய்தி காட்டிவிட்டது. அடுத்த டிசம்பரிலேயே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட் துணுக்கைத் தங்கள் கடைகளில் உள்ள செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லின. 2021 ஜனவரியில் 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற இன்னொரு தொழுகை நேரச் செயலி பற்றியும் இதைப் போன்ற செய்தி வந்தது; அங்கே தகவலைப் பெற்றது பிரான்சின் பிரெடிசியோ என்ற நிறுவனம்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், எக்ஸ்-மோட் மீதும் அதன் வழிவந்த அவுட்லாஜிக் மீதும் ஓர் ஆணை பிறப்பித்தது. மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் தகவலை அவர்கள் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். வழிபாட்டுத் தலம் என்ற சொல்லை அரசாணை ஒன்றில் எழுதவேண்டிய நிலை வந்திருக்கின்றது என்றால், அந்தச் சந்தையில் என்னென்ன சரக்குகள் விலைபோயின என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். தொழுகை நேரத்தைக் கணிக்க நம் இருப்பிடம் தேவைதானே, அதை எப்படிக் குறை சொல்வது என்று சிலர் கேட்கின்றார்கள். தேவைதான், ஆனால் எவ்வளவு தேவை? தொழுகை நேரம் என்பது சூரியனின் நிலை பற்றிய கணக்கு. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் எடுத்துக்கொள்ளும் சூரியக் கோணம், அஸருக்கான நிழல் அளவு ஆகியவை இருந்தால் போதும். தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் நேரம் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே மூன்று பாகைக்குச் சற்று மேல். எனவே லுஹர் தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழ 13 நிமிட வேறுபாடு. நகைக் கடை அட்டையின் அடியில் இருந்த பொடி எழுத்து இந்தக் கணக்கைத்தான் சொன்னது. ஆக, செயலிக்குத் தெரியவேண்டியது நாம் எந்த ஊரில் இருக்கின்றோம் என்பது மட்டுமே. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்பது தேவையில்லை. கணக்கையும் கைப்பேசியே போட்டுவிடும். இணையம் இல்லாமலும் போடும். பக்கத்துத் தெருவுக்குப் போனால் ஃபஜ்ர் நேரம் மாறிவிடுவதில்லை. அப்படியிருக்க, ஒரு செயலி 'துல்லியமான இருப்பிடம்', 'எப்போதும்' என்ற இரண்டையும் கேட்குமானால், அது தொழுகைக்காகக் கேட்கவில்லை என்று ஐயப்பட நமக்கு உரிமை உண்டு. அமைப்புகளுக்குள் சென்று 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிடலாம். முடிந்தால் ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அனுமதியையே மறுத்துவிடலாம். வீட்டில் உள்ள முதியவர்களின் கைப்பேசியில் பிள்ளைகள் இதைச் செய்துகொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

செயலி என்றால் இலவசம் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிளின் செயலிக் கடை 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் திறக்கப்பட்டபோது பலவற்றுக்கு விலை இருந்தது. அடுத்த மாதமே ஒருவர் 'நான் பணக்காரன்' என்ற பொருளில் பெயரிட்டு 999.99 டாலருக்கு ஒரு செயலியை விற்றார். அது செய்ததெல்லாம் திரையில் ஒரு சிவப்புக் கல்லைக் காட்டியதுதான். எட்டுப் பேர் வாங்கினார்கள், ஆப்பிள் அதை நீக்கியது. பெருமைக்குப் பணம் கொடுப்போர் எங்கும் இருக்கின்றார்கள் போலும்! மற்றவர்கள் விலையைக் குறைத்துக் குறைத்து 99 செண்டில் வந்து நின்றார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு இலவசம் என்று கொடுத்து, உள்ளே நுழைந்த பின் பணம் வாங்கவோ விளம்பரம் காட்டவோ தொடங்கினார்கள். நம் நாட்டில் 2015-இல் கூகுள் ஒரு செயலிக்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக்கியது. அப்போதும் நாம் வாங்கவில்லை. அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. பெரும்பாலானோரிடம் கடன் அட்டை இல்லை. இன்று மீன் வாங்கிவிட்டு யுபிஐ-யில் 80 ரூபாய் செலுத்துகின்றோம். வழி இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை.

வாட்ஸ்அப் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். முதலாண்டு இலவசம், அதன் பிறகு ஆண்டுக்கு 99 செண்டு என்பதுதான் அதன் ஏற்பாடாக இருந்தது. விளம்பரம் காட்ட மாட்டோம் என்பது அதை உருவாக்கியவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கொள்கை. அந்த நாளில் நம் குடும்பக் குழுக்களில் சுற்றிய செய்தி பலருக்கு நினைவிருக்கும்: இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் தொடர்ந்து இலவசம் என்று. ஒரு டாலரை மிச்சப்படுத்தப் பொய்ச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப நாம் தயங்கவில்லை. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது பயனர்கள் சுமார் 45 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 42 டாலர். ஆண்டுக்கு ஒரு டாலர் கொடுக்க நாம் தயங்கிய இடத்தில், நம் ஒவ்வொருவருக்கும் 42 டாலர் கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார். 2016 ஜனவரியில் அந்த ஒரு டாலர் கட்டணமும் நீக்கப்பட்டது. நாம் மகிழ்ந்தோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் ஒன்றை நாம் மிகவும் மதிக்கின்றோம். மார்க்க அறிவு விலைக்கு விற்கப்படலாகாது, ஏழைக்கும் அது கிடைக்கவேண்டும் என்பது. தேநீர்க் கடைப் பெரியவர் சொன்னதன் உட்பொருளும் இதுவே. குர்ஆன் வாசிக்க ஒருவரிடம் காசு கேட்பது நமக்கும் கசக்கின்றது. ஆனால் நம் மரபில் இலவசம் என்பது எப்படி நடந்து வந்திருக்கின்றது? நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். மாலையில் பாத்திரத்துடன் வரும் எவரிடமும், எந்த மதத்தவர் ஆயினும், பள்ளிவாசல் காசு கேட்பதில்லை. ஆனால் அந்தக் கஞ்சிக்கு அரிசியும் இறைச்சியும் விறகும் யாரோ ஒருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 'இன்றைய கஞ்சி இன்னார் குடும்பத்தார்' என்று ஒவ்வொரு நாளும் அறிவிப்பு வரும். பள்ளிவாசலின் ஹவுளில் நாம் உளூச் செய்யும் தண்ணீர் இலவசம். மோட்டாருக்கு மின்கட்டணத்தை ஜமாஅத் சந்தா கட்டுகின்றது. அலமாரியில் இருக்கும் குர்ஆன் பிரதியின் முதல் பக்கத்தில், மறைந்த தாயின் பெயரால் வக்ஃபு செய்த ஒரு மகனின் கையெழுத்து இருக்கும். வாங்குபவருக்கு இலவசம், கொடுப்பவருக்கு நன்மை, நடுவில் எதுவும் ஒளிவு இல்லை. இதுவே வக்ஃபின் இயல்பு.

இணையத்திலும் இவ்வழியில் நடப்பவர்கள் இருக்கின்றார்கள். குர்ஆனின் அரபு மூலத்தைப் பிழையின்றிச் சரிபார்த்து 2007 முதல் யாவருக்கும் இலவசமாக வழங்கிவரும் 'தன்ஸீல்' திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. எத்தனையோ செயலிகள் அந்த மூலத்தின் மேல் நிற்கின்றன. மார்க்கம் சாராத துறையிலும் உண்டு. 'சிக்னல்' என்ற செய்திச் செயலியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. விளம்பரமும் இல்லை, தகவல் விற்பனையும் இல்லை. ஆனால் 2025-க்குள் தங்கள் ஆண்டுச் செலவு 5 கோடி டாலரை எட்டும் என்று 2023-இல் அவர்களே கணக்கை வெளியிட்டார்கள். புதிதாய்ச் சேர்பவரின் எண்ணைச் சரிபார்க்கக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர். இலவசத்தின் பின்னால் இருக்கும் மின்கட்டணச் சீட்டு அது. கொடையாளர்கள் கொடுக்கின்றார்கள், ஓடுகின்றது.

நம் இளைஞருக்கு ஒரு கஞ்சிச் சட்டி போல ஒரு கணக்கு இருந்திருந்தால் அவர் எவரிடமும் 99 ரூபாய் கேட்டிருக்க வேண்டியதில்லை. கூகுளின் கடையில் பதிவு செய்ய வாழ்நாளுக்கு ஒரு முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். 300 குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் சந்தாவுடன் சேர்த்து வாங்கினால் 15,000 ரூபாய். பதிவுச் செலவு போக அவர் இரவு விழித்ததற்கும் ஏதோ ஓர் அளவு கூலி மிஞ்சும். உழைப்பவனின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிகளாரின் (ஸல்) அறிவுரையைக் கொத்தனாருக்கும் சுமை தூக்குபவருக்கும் பொருத்திச் சொல்கின்றோம். விசைப்பலகை முன் அமர்ந்தவனுக்கு வியர்ப்பதில்லை என்பதால் விட்டுவிட்டோமோ, தெரியவில்லை.

இன்னொரு தயக்கமும் நியாயமானதே. பணம் கொடுக்க மனம் இருந்தும், கணக்கு எண்ணைக் கொடுக்க அஞ்சுகின்றவர்கள் பலர். எங்கள் மாமா ஒருவருக்கு நேர்ந்தது இது. குர்ஆன் ஓதுதலைச் சீர்செய்யும் ஒரு செயலியை 'மூன்று நாள் இலவசம்' என்று பார்த்து நிறுவினார். நான்காம் நாளிலிருந்து வாரம் 199 ரூபாய் கழிந்துகொண்டிருந்தது. செயலியை அழித்துவிட்டார், பணம் போவது நிற்கவில்லை. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு என்பது அவருக்குத் தெரியாது. நாம் கணக்கிட்டுக் காட்டினோம்: ஆண்டு முழுதும் கவனிக்காமல் இருந்திருந்தால் 10,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். சட்டம் இதில் நம் பக்கம் இருக்கின்றது. 2021 அக்டோபர் முதல், தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடைசெய்தது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. என்றாலும், ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியை மாமா படித்தால்தானே? 'அளவையில் மோசடி செய்வோர்' பற்றி ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கின்றது. படியில் குறைப்பது மட்டும் அளவை மோசடி அன்று. 'இலவசம்' என்பதைப் பெரிய எழுத்திலும் 'வாரம் 199' என்பதைச் சிறிய எழுத்திலும் போடுவதும் அதுவே. ஆகவே, எதற்கும் பணம் கொடுங்கள் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. பணம் கொடுத்த செயலி தகவலை விற்காது என்ற உறுதியும் இல்லை. ஒரே முறை விலை கேட்பவரை, ஆண்டுச் சந்தாவை வெளிப்படையாகச் சொல்பவரை, நாம் தேடிப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கின்றது. அவர்களுடன்தான் நமக்குக் கருத்து வேறுபாடு. விலையும் கொடுக்க மாட்டார்கள், விளம்பரமும் பார்க்க மாட்டார்கள். 'மோட் ஏபிகே' என்று தேடி, பூட்டு உடைக்கப்பட்ட பதிப்பை நிறுவிக்கொள்வார்கள். நம் வீட்டுப் பதின்பருவப் பிள்ளைகளுக்கு இது ஒரு சாமர்த்தியம். 'நான் காசு கொடுக்காமலே பிரீமியம் வைத்திருக்கிறேன்' என்று சொல்வதில் ஒரு மிடுக்கு. கேட்கும் பெரியவர்களும் சிரித்துவிட்டு, தங்கள் கைப்பேசியிலும் போட்டுத் தரச் சொல்கின்றார்கள். அடுத்தவர் தோப்பில் ஒரு மாங்காய் பறித்தால் கண்டிக்கும் தந்தை இதில் ஏன் சிரிக்கின்றார்? கையில் பிடிக்க முடியாத பொருள் என்பதால்தான். ஆனால் மார்க்க அறிஞர்கள் இதை என்றோ பேசி முடித்துவிட்டார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி, 1988-இல் குவைத்தில் கூடிய ஐந்தாம் அமர்வில், நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகளும் வணிகப் பெயரும் ஷரீஅத்தால் காக்கப்படும் உரிமைகள், அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. ஆப்பிளின் செயலிக் கடை பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தீர்மானம்! உலகியல் ஆபத்தும் சிறிதன்று. கடைக்கு வெளியிலிருந்து வரும் ஏபிகே கோப்புக்குள் என்ன வைத்து அனுப்பியிருக்கின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. திருமண அழைப்பிதழ் என்று வந்த கோப்பைத் திறந்து வங்கிக் கணக்கை இழந்தவர்கள் பற்றிய செய்திகளை நாமே படித்திருக்கின்றோம்.

இவ்வளவையும் பேசிவிட்டு எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தோம். நான்கு எண்களுக்கான ரீசார்ஜ் மட்டும் ஆண்டுக்கு 15,000 ரூபாயைத் தாண்டுகின்றது. அதைக் கேள்வி இல்லாமல் கட்டுகின்றோம். மகன், பெருநாள் காசில் விளையாட்டு ஒன்றுக்குள் ஆயுதத்தின் நிறத்தை மாற்ற 400 ரூபாய் செலவழித்திருந்தான். அதிலும் எது கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கட்டித் திறக்கும் ஒரு பெட்டி. சூதாட்டத்துக்கும் அதற்கும் என்ன தூரம் என்று அவனுடன் ஒரு மாலை முழுதும் பேச வேண்டியிருந்தது. ஆக, பணம் கொடுக்க நாம் தயாராகவே இருக்கின்றோம். எதற்கு என்பதில்தான் நம் தராசு சாய்ந்திருக்கின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு எல்லாருடைய கைப்பேசிகளையும் நடுவில் வைத்து உட்கார்ந்தோம். என் ஒருவர் கைப்பேசியில் என்று சொல்லி ஒதுங்க முடியாதபடி எல்லாரிடமும் ஐம்பது, அறுபது செயலிகள் இருந்தன. டார்ச் விளக்குக்கு ஒரு செயலி; அது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தது. அதை யார் எப்போது நிறுவினார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பாதிக்கு மேல் அழித்தோம். எஞ்சியவற்றில் அன்றாடம் தவிர்க்க முடியாதவை எவை என்று பார்த்தால் ஏழெட்டுத்தான் தேறின. அவற்றில் பணம் வாங்கிக்கொள்ளும் வழி உள்ள மூன்றுக்குப் பணம் கட்டினோம். தொழுகை நேரச் செயலி ஒன்று, மகளின் படிப்புக்கான அகராதி ஒன்று, வீட்டு வரவு செலவுக் கணக்குக்கு ஒன்று. கொடையில் இயங்கும் ஒரு குர்ஆன் தளத்துக்குச் சிறு தொகை அனுப்பினோம். மொத்தம் 1,140 ரூபாய். "இதுலேர்ந்து செஞ்சவங்களுக்கு எவ்வளவு அத்தா போகும்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. 118 ரூபாய் விலை என்றால் ஜிஎஸ்டி 18 ரூபாய். மீதி நூறில், சிறு உருவாக்குநர் என்றால் கடைக்கு 15, அவருக்கு 85. பெரியவர்களிடம் கடை 30 வரை எடுக்கின்றது. 2021-க்கு முன் சிறியவர்களிடமும் அதே 30-தான்.

வசதி இல்லாத குடும்பங்கள் இதைப் படித்து மனம் வருந்தவேண்டியதில்லை. ரீசார்ஜுக்கே கடன் வாங்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்களுக்கு அனுமதிகளை அணைத்துவைக்கும் அந்த ஐந்து நிமிட வேலையே போதும். வசதி உள்ளவர் கட்டுகின்ற சந்தாவில்தான் அவர்களின் பங்கும் இருக்கவேண்டும், கஞ்சியில் இருப்பதைப் போல.

பணம் கட்டிய பிறகு அந்த இளைஞரின் செயலிக்கும் கட்டலாமே என்று தேடினோம். கடையில் இல்லை. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரியாதுக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப அதைப் புதுப்பிக்க நேரம் இல்லாமல் நிறுத்திவிட்டாராம். பழைய கைப்பேசிகள் சிலவற்றில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது என்று ஊரில் சொன்னார்கள். தேநீர்க் கடைப் பெரியவர் கைப்பேசி மாற்றியபோது அந்தப் பெரிய தமிழ் எழுத்துச் செயலியைத் திரும்பப் போட்டுத் தரும்படி பேரனிடம் கேட்டிருக்கின்றார். கிடைக்காததால் பேரன் வேறொன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் அஸர் நேரம் ஒன்றுதான் வருகின்றதாம், யாருடைய அஸர் என்று அவருக்குத் தெரியவில்லை. இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று இருந்தது. கடந்த வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அதை மாற்றிக் கொடுத்தோம்.